பூஜையில் வைத்த கையுறை

முப்பிடாதியம்மாள் செத்துப்போனது ஆயுத பூஜை அன்று சாயங்காலம். அப்போது அவள் என் கடை வாசலில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றுகூடச் சொன்னாள். செத்தது அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. செம்பூரில் இருக்கிற கேந்திரத்துக்குத்தான் முதலில் தெரிந்தது.

நான் மாரிக்கண்ணன். மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிற டெய்லர். முப்பிடாதியம்மாள் எதிர்வீடு. நான் வெட்டிக் கொடுக்கிற துணியில் அவள் ஆரி வேலை செய்வாள். கட்டில் மாதிரி ஒரு மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டிக்கொள்வாள். வலது கை மேலேயிருந்து கொக்கி ஊசியைக் குத்தும், இடது கை அடியிலிருந்து நூல் கொடுக்கும், மயிலும் மாங்காயும் அதுபாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். மாட்டுங்காவில் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் என்னிடம் துணியைக் கொடுத்துவிட்டு, "ஆரி வேலை அந்தம்மாதானே?" என்று கேட்டு உறுதி பண்ணிக்கொண்டுதான் நகருவார்கள். என் தையலைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு அதில் வயிற்றெரிச்சல் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அவளிடம் ஒரு பழக்கம். எந்த பிளவுஸ் ஆனாலும் அக்குளுக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு கறுப்பு மணியை வேண்டுமென்றே கோணலாகத் தைத்துவிடுவாள். போட்டுக்கொள்கிற பெண்ணுக்குத் திருஷ்டி படக்கூடாது என்பதற்காக. அவள் புருஷன் சுயம்பு டிராம்பே பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்த்து, முட்டி வலிக்கிறது என்று நின்றுவிட்ட ஆள். முட்டி வலி போன பிறகும் அவர் வேலைக்குப் போகவில்லை. ஆக, அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் ஊசியை நம்பித்தான்.

இப்படி இருக்கும்போதுதான் கேந்திரம் வந்தது. முழுப்பெயர் கைவினை மின்னணு சமன்வய கேந்திரம். கையால் செய்கிற பொருளுக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் கல்யாணம் பண்ணி வைப்பது அவர்கள் வேலை. இரண்டு வீட்டாரையும் யாரும் கேட்கவில்லை.

தொடக்க விழாவுக்குச் சந்து முனையில் பந்தல் போட்டார்கள். துணை இயக்குநர் மாலதி மேடம் பேசினார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற குடும்பம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை.

"இத்தனை நாளா நீங்கள்லாம் வெறுங்கையால வேலை செஞ்சிண்டிருந்தேள்," என்று ஆரம்பித்தார். குரல் தழுதழுத்தது. "வெறுங்கை! நினைச்சாலே எனக்கு நெஞ்சை அடைக்கறது. இனிமே அந்தக் கஷ்டம் உங்களுக்கு இல்லை. உங்க கையை நாங்க எடுத்துக்கறோம்."

எல்லாரும் கை தட்டினோம். அந்த வார்த்தையை அப்போதே கவனித்திருக்க வேண்டும். நாங்கள் பிரியாணி பொட்டலத்தைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

முதலில் பல்பு பிளவுஸ் வந்தது. கல்யாணப் பெண்ணின் இதயம் துடிக்கிறபடி முதுகில் பொடி விளக்குகள் மின்ன வேண்டுமாம். மின்சாரம் ஓடுகிற ஒரு நூலைக் கொடுத்தார்கள். முப்பிடாதியம்மாள் அதையும் தைத்தாள். நல்ல மே மாதம், மாட்டுங்காவில் ஒரு மண்டபம், ஹோமப் புகை. பெண்ணுக்கு வேர்த்து ஊற்றியது. வேர்வை பட்டதும் விளக்கெல்லாம் குப்பென்று அணைந்து, தாலி கட்டுகிற நேரத்தில் அவள் முதுகுக்குள்ளிருந்து ஒரு குரல், "பேட்டரி குறைவாக உள்ளது, உடனே சார்ஜ் செய்யவும்," என்றது. கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று கத்தினார்கள். மேளத்தை மீறி அது சொல்லிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை பயந்துபோய் இரண்டாவது முடிச்சை நாத்தனார் போடுவதற்குமுன் தானே போட்டுவிட்டான்.

கேந்திரம் கூடி ஆராய்ந்தது. சோதனை முழு வெற்றி, மணப்பெண்ணின் வேர்வைதான் தரமில்லை என்று முடிவு சொன்னார்கள். கூடவே மாலதி மேடம் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். "பொருள்ல எந்தத் தப்பும் இல்லை. தப்பு எப்பவும் மனுஷாகிட்டேருந்துதான் வரது. அதனால இனி நாம பொருளைக் கவனிக்கப் போறதில்லை. மனுஷாளைக் கவனிக்கப் போறோம்."

அப்படி வந்ததுதான் கையுறை.

கொண்டுவந்து மாட்டியவன் ராஹில். எங்கள் சந்துப் பிள்ளைதான், டிப்ளமா படித்துவிட்டுக் கேந்திரத்தில் கள அலுவலராக இருக்கிறான். வலது கைக்குக் கறுப்பு வலைக் கையுறை, விரலுக்கு விரல் மெல்லிய கம்பி, மணிக்கட்டில் பட்டாணி அளவு ஒரு பச்சை விளக்கு.

"ஆன்ட்டி, இது உங்க நாடி, சூடு, விரல் எப்படி வளையுது, சப் குச், எல்லாத்தையும் பிடிச்சு செம்பூருக்கு அனுப்பும். இதைப் போட்டுத் தைச்சாத்தான் அசல் கைவேலைன்னு சிப் கிடைக்கும். சிப் இல்லாத சரக்கை எந்தக் கடையும் எடுக்காது."

"நான் கையாலதானய்யா தைக்கேன்? நீ பாத்துக்கிட்டுதான நிக்க?"

"நான் பாத்தா போதாது ஆன்ட்டி. சிஸ்டம் பாக்கணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்னத்தைச் சொல்ல? சிப் இல்லாத துணியை வாங்க மாட்டோம் என்று மாட்டுங்காக் கடைகளில் அதற்குள் போர்டு மாட்டிவிட்டார்கள். "போட்டுக்கோ தாயி," என்றேன். போட்டுக்கொண்டாள். கைக்கு மூச்சு முட்டுகிறது என்று கொஞ்ச நாள் புலம்பினாள். பிறகு பழகிப்போனது. கையுறையோடே தைத்தாள், கையுறையோடே முட்டியில் உட்கார்ந்த கொசுவை அடித்தாள், கையுறையோடே பக்கத்தில் இருக்கிற டீ கிளாஸை எட்டி எடுத்தாள். எல்லாம் செம்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு ஒருவன் எந்தக் கருவியால் சோறு தின்கிறானோ, அதைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். மறுநாள் எடுக்கிற வரை தொடக்கூடாது. வருஷம் பூராவும் உழைத்த சாமானுக்கு அன்றைக்கு ஒருநாள் ஓய்வு. என் கத்தரிக்கோல், இஞ்ச் டேப், தையல் மிஷின் எல்லாம் அன்றைக்குப் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

முப்பிடாதியம்மாள் ஊசியை வைத்தாள். சட்டத்தை வைத்தாள். பிறகு கையுறையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தாள். அதுவும் கருவிதானே. இலையில் மல்லாக்கப் படுக்க வைத்து, விரலுக்கு விரல் சந்தனம் தடவி, மேலே குங்குமம் வைத்தாள். மணிக்கட்டு விளக்கின்மேல் வைத்த பொட்டு கொஞ்சம் பெரிது. அது பச்சையிலிருந்து சிவப்பாக மாறியது யாருக்கும் தெரியாமல் போனது அதனால்தான். ஒரு முழம் பூவைச் சுற்றினாள். சாம்பிராணி போட்டாள். சூடம் கொளுத்திக் கையுறைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். சுயம்பு மணி அடித்தார். அந்த வீட்டில் அவர் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

செம்பூரில் என்ன தெரிந்தது என்றால், முப்பிடாதியம்மாளின் கை அசையவில்லை. நாடி இல்லை. உடம்பு மல்லாந்து கிடக்கிறது. சற்று நேரத்தில் புகை. அப்புறம் சூடு ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது. பிறகு மெல்ல ஆறுகிறது. சிஸ்டம் அதிகம் யோசிக்கவில்லை. மரணம், அதே நாளில் தகனம், என்று பதிந்துகொண்டது.

மறுநாள் காலை கேந்திரத்து வண்டி வந்து நின்றது. ராஹில் ஒரு பெரிய மலர்வளையத்தோடு இறங்கினான். வாசல் தெளித்துக்கொண்டிருந்த முப்பிடாதியம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்குய்யா பூ?" என்று கேட்டாள்.

அவன் கையிலிருந்த டேப்லெட் பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி பலகையைப் பார்த்தான்.

"ஆன்ட்டி... நீங்க ஆஃப் ஆயிட்டீங்க."

"என்னது?"

"சிஸ்டத்துல எக்ஸ்பயர் காட்டுது. நேத்து சாயந்தரம்."

"சவத்த மூதி! நான் இங்கன நிக்கேம்லா?"

"தெரியுது ஆன்ட்டி. ஆனா வளையம் வச்ச ஃபோட்டோவை ஒன்பது மணிக்குள்ள ஏத்தணும், இல்லைன்னா என் பேர்ல தப்பு விழும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பிளீஸ். ஃப்ரேம்ல வர்றீங்க."

அவள் தள்ளி நின்றாள். எங்கள் சனத்துக்கு யார் அதிகாரமாகச் சொன்னாலும் தள்ளி நிற்கிற பழக்கம் இருக்கிறது. அவன் வாசலில் வளையத்தைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தான். பூஜையில் இருந்த கையுறையைச் சந்தனம் கலையாமல் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கே செம்பூருக்குப் போனோம். நான், அவள், சுயம்பு. மாலதி மேடம் எழுந்து நின்று கையைக் கூப்பினார். முப்பிடாதியம்மாளைப் பார்த்து அல்ல, சுயம்புவைப் பார்த்து. "ஈடு செய்ய முடியாத நஷ்டம்," என்றார்.

"ஐயய்ய, அம்மா! நான்தாம்மா முப்பிடாதி. பூசைக்குக் கழத்தி வச்சேன். சூடம் பொருத்தி வச்சேன். அதைப் போயி..."

"உக்காருங்கோ. நீங்க உயிரோட இருக்கேள், அது எனக்கு நன்னாத் தெரியறது. நான் குருடி இல்லை. ஆனா பாருங்கோ, எனக்குத் தெரியறதை வச்சுண்டு நான் ஃபைலை மாத்தினா அதுக்குப் பேர் என்ன? ஊழல். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் கண்ணால பாத்த எதையும் நம்பி ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்."

"அப்ப நான் எப்படிம்மா உசுரோட இருக்கேன்னு காட்ட?"

"கையுறை சொல்லணும்."

அந்தக் கையுறை கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், 'கலைஞரின் இறுதிச் சந்தனத்துடன்' என்ற பலகையோடு இருந்தது. அதைத் தொட யாருக்கும் உரிமை கிடையாது. சரி, புதுக் கையுறை ஒன்று கொடுங்கள் என்று நான் கெஞ்சினேன். ராஹில் கொண்டுவந்து மாட்டினான். ஒரு துண்டுத் துணியில் அவள் ஒரு மாங்காய் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற மாங்காய்தான் அது. பாதி வளைவு திரும்புவதற்குள் விளக்கு சிவந்தது. கையுறை பேசியது.

"இந்தக் கை இறந்தவருக்குச் சொந்தமானது. போலி முயற்சி பதிவு செய்யப்பட்டது."

மாலதி மேடம் அவளைப் பார்த்த பார்வை முதன்முறையாக மாறியது. அதுவரை பரிதாபம் இருந்தது, இப்போது சந்தேகம் வந்துவிட்டது. "இந்தத் தடவை நான் மேல அனுப்பலை," என்று குரலைத் தணித்துச் சொன்னார். "அடுத்த தடவை என் கையில இல்லை."

அடுத்து இரங்கல் கூட்டம். செம்பூரில் பெரிய அரங்கம். மேடையில் முப்பிடாதியம்மாளின் படம், மாலை, ஊதுவத்தி. அவளை உள்ளேயே விட மாட்டேன் என்றார்கள். நான்தான் "செத்தவளுக்குச் சொந்தக்காரி" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். பொய் இல்லையே. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் சுயம்புவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சட்டப்படி கையின் வாரிசு அவர்தானாம். என்னமோ காகிதம் நீட்டினார்கள், அவள் கையைக் கேந்திரத்துக்கு ஒப்புக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவரைப் 'பாரம்பரியக் காவலர்' என்று அறிவித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் சீருடையோடு நிற்கிற வேலை. மனுஷன் அழுதார். மேடையில் எல்லாரும் அழுகிறார்களே என்று அழுதாரா, நிஜமாகவே துக்கம் வந்துவிட்டதா, எனக்கு இன்றைக்கு வரை தெரியாது.

மாலதி மேடம் பேசினார்.

"கலைஞர்கள் உயிரோட இருக்கற வரைக்கும் அவா கலை அவா கையில சிறைப்பட்டுக் கிடக்கறது. அம்மா இருந்தப்போ எங்களுக்கு எத்தனை சங்கடம்! கண் வலிக்கறதும்பா. தீபாவளிக்கு லீவு கேப்பா. ஏன் எதுக்குன்னு கேள்வி கேப்பா. இன்னிக்கு அந்தத் தடையெல்லாம் நீங்கிடுத்து. அம்மா எங்கேயும் போயிடலை. இதோ, நம்மோடயே இருந்துண்டு தைக்கறா."

திரை விலகியது. ஒரு மரச்சட்டம், விறைப்பாகக் கட்டின துணி, இரண்டு இரும்புக் கைகள். மேல் கை குத்தியது, கீழ் கை நூல் கொடுத்தது. மயில் வந்தது, மாங்காய் வந்தது. அப்படியே அவள் வேலை. அக்குள் பக்கம் வந்ததும் ஒரு கறுப்பு மணியை எடுத்துக் கோணலாக வைத்தது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

திடீரென்று மேல் கை ஊசியை விட்டுவிட்டு, முட்டி உயரத்தில் காற்றில் பட்டென்று ஒரு அடி அடித்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "இது அம்மாவுக்கே உரிய ஒரு முத்திரை, அர்த்தம் ஆராய்ச்சியில இருக்கு," என்றார் மாலதி மேடம்.

"கொசு," என்றாள் முப்பிடாதியம்மாள் என் காதருகில்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த இரும்புக் கை பக்கவாட்டில் நீண்டது. ஒன்றுமில்லாத இடத்தில் விரல்களைக் குவித்து எதையோ பிடித்து, உயர்த்தி, திரும்ப வைத்தது.

"அங்கனதான் அண்ணாச்சி நான் டீ கிளாஸ வைப்பேன்," என்றாள். என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஊசிக்கு வேலை இல்லை. அவள் தைத்து நான் அனுப்பிய பிளவுஸ்கள் போலி என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தன. மாட்டுங்கா வீடுகளில் புதுப் பெருமை ஒன்று கிளம்பியிருந்தது. "எங்க பொண்ணுக்கு மறைந்த முப்பிடாதியம்மாள் பிளவுஸ்," என்று சொல்லிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்கள்!

சும்மா இருக்க முடியாமல் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பழந்துணியில் ஊசியைப் பிடித்தாள். சீருடையைக் கழற்றிக்கொண்டிருந்த சுயம்பு பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? எவனும் பாத்தாம்னா என் வேல போயிரும்ட்டி! செத்தவ செத்தவ மாதிரி இரியேன்."

என் கடையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த வாயாடி எழுந்துபோய் மரச்சட்டத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்துகிற சத்தம்தான் அடுத்து வந்தது.

ஒரு வழியைக் காட்டினவன் ராஹில். குற்ற உணர்ச்சியோ என்னமோ, கடைக்கு வந்து தணிந்த குரலில் சொன்னான். "அங்கிள், ஆன்ட்டி கையை மாத்திப் போடச் சொல்லுங்க. இடது கையால குத்தி, வலது கையால நூல் கொடுத்தா, சிஸ்டத்துக்கு வேற ஆள்."

அப்படியே செய்தாள். ராஹில் கொடுத்த புதுக் கையுறையை இடது கையில் மாட்டினாள். மாங்காய் கத்தரிக்காய் மாதிரி வந்தது, மயில் கோழி மாதிரி வந்தது. விளக்கு பச்சையாகவே நின்றது. புதுக் கை ஏற்றுக்கொள்ளப்பட்டது, நிலை கற்றுக்குட்டி. கேந்திரத்தில் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். பயிற்சி என்றால் அந்த இரும்புக் கைக்கு முன்னால் உட்கார்ந்து அது தைப்பதைப் பார்த்துத் தைக்க வேண்டும். பிசகினால் கையுறை சுருக்கென்று கிள்ளும்.

"அம்மாவோட கையைப் பாத்துக் கத்துக்கோங்கோ," என்று மாலதி மேடம் தலையைத் தடவிவிட்டுப் போவாராம். "அந்த அளவுக்கு வராது. முயற்சி பண்ணுங்கோ."

அவள் முயற்சி பண்ணினாள். பாவி, அதுதான் வினையாகப் போனது. அந்தக் கைக்கு மோசமாகத் தைக்கத் தெரியாது. முதலில் மாங்காய் மாங்காயாகியது. பிறகு மயிலுக்குக் கழுத்து வளைந்தது. ஒருநாள் அக்குள் பக்கம் வந்தபோது, யோசிக்காமல், கறுப்பு மணியை எடுத்துக் கோணலாக வைத்தாள். விளக்கு சிவந்தது.

"இந்தக் கையும் இறந்தவருக்குச் சொந்தமானது."

வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு கையும் செத்தாயிற்று. அன்றைக்கு என் கடைப் படியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. "கெட்டுப்போகத் தைச்சா இருக்க விடுதாவ, நல்லாத் தைச்சா செத்துட்டேங்காவ. நான் என்னதான் அண்ணாச்சி செய்ய?" என்று கேட்டாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அதற்கு சிப் தேவையில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அதற்குள் எங்கள் சந்து முழுக்கக் கையுறை. ஆரி போடுகிறவர்கள், தோல் பை தைக்கிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், எல்லாருக்கும் ஆயிற்று. எனக்கும் இரண்டு கைக்கும் மாட்டிவிட்டார்கள். போன வருஷத்துத் துயரச் சம்பவத்தை முன்னிட்டுப் புது விதி வந்திருந்தது. கை சற்று நின்றால் மஞ்சள் விளக்கு, ஒரு அதிர்வு. இன்னும் நின்றால் சிவப்பு. சிவப்பானால் வண்டி கிளம்பிவிடும். பூஜை நாளுக்கும் விலக்கு கிடையாது. மாலதி மேடமே வந்து ஒலிபெருக்கியில் விளக்கினார்.

"ஒரே ஒரு நாள் ஓய்வு எடுத்ததால ஒரு மகத்தான கலைஞரை இழந்துட்டோம். இன்னொரு உயிரை இழக்க நாங்க தயாரா இல்லை. உங்க மேல எங்களுக்கு அவ்வளவு அக்கறை."

சந்து முனையில் கேந்திரத்து வண்டி காலையிலிருந்தே நின்றது. பின்கண்ணாடி வழியாக உள்ளே மலர்வளையங்கள் அடுக்கியிருப்பது தெரிந்தது. பூவெல்லாம் புதுசு. யாருக்கென்று இன்னும் பெயர் எழுதவில்லை.

ஆகவே நாங்கள் தைத்தோம். அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது, இலை போட்டிருந்தது, இலையில் ஒரு கருவியும் இல்லை. எல்லாம் எங்கள் கையில் ஓடிக்கொண்டிருந்தன. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. மிஷின் சத்தம் மட்டும். அடுத்த வீட்டு ஜெபசெல்வி ஆரிச் சட்டத்தில் குனிந்தவள் நிமிரவேயில்லை. அவள் சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனாலும் வருஷா வருஷம் பொரிக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள்.

முப்பிடாதியம்மாள் குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். இலையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். சந்தனம் வைக்க அங்கே எதுவும் இல்லை. பிறகு தரையில் உட்கார்ந்து, தன் வலது கையை இலைமேல் மல்லாத்தி வைத்து, விரலுக்கு விரல் சந்தனம் தடவினாள். குங்குமம் வைத்தாள். இடது கைக்கும் அப்படியே. சந்து முழுவதிலும் அன்றைக்கு ஓய்வில் இருந்த கருவி அவை இரண்டுமே. சூடம் காட்ட ஆள் இல்லை. சுயம்பு பெட்டிக்குக் காவல் போயிருந்தார். அவளே பொருத்தி, அவளே கும்பிட்டாள்.

அப்புறம் எழுந்து, பொரிக்கடலையையும் சுண்டலையும் தட்டில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக வந்தாள். கையை நிறுத்த முடியாதவர்களுக்கு வாயில் ஊட்டினாள். ஜெபசெல்வி தைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் துணிமேல் விழுந்தது, அதன்மேலேயே ஊசி போனது. அந்தச் சந்தில் சும்மா இருக்க அனுமதி உள்ளவள் செத்துப்போனவள் ஒருத்திதான் என்று எனக்கு அப்போது உறைத்தது.

என் கடைக்கு வந்தாள்.

"வாயத் தொறங்க அண்ணாச்சி."

திறந்தேன். சந்தன வாசனையோடு ஒரு பிடி சுண்டல் உள்ளே வந்தது.

"போன வருசம் உப்புக் கூடிட்டுல்லா. இந்தத் தடவ எப்படி இருக்கு?"

சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது தாயி என்று சொல்ல வேண்டும். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன், மணிக்கட்டில் மஞ்சள் எரிந்து இரண்டு கையும் அதிர்ந்தது. சந்து முனையில் வண்டியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"பேசாதீய, தைங்க!" என்று கத்தினாள் முப்பிடாதியம்மாள்.